பல்பு எரிந்தால் இரண்டு விசில்

எங்கள் சந்தில் ஜெனரேட்டர் இல்லாத வீடு அப்போது ஒன்றே ஒன்றுதான். கண்டக்டர் வீடு. அதனாலேயே சந்தில் அவருக்கு மரியாதை அதிகம். கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். எதிர்வீட்டுக்குக் குடிவந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு பொருள் இல்லாதவருக்கு மரியாதை கொடுக்கிற தெரு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கரண்ட் போகட்டும், உனக்கே புரியும்" என்றார் அவர்.

முதலில் மனிதரைச் சொல்லிவிடுகிறேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டு வரும்போது தோல்பையை டிப்போவில் ஒப்படைத்தவர், விசிலை மட்டும் ஒப்படைக்க மறந்துவிட்டதாகச் சொல்லுவார். மறந்த மனிதர் அதைத் தினமும் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாரா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்க" என்று சொல்லத் தெரியாது. "உள்ள போங்க, உள்ள போங்க, வழியை மறிக்காதீங்க" என்பார். மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஐந்து பேரை அடைத்துவிட்டு, ஆறாவது ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று கண்ணாலேயே அளப்பார். செலவு என்று வந்தால் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்துத் தேய்த்த பிறகுதான் அந்த வீட்டில் புதுக் குழாய் திறக்கும்.

அவர் மனைவியைச் சந்து முழுவதும் அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பயத்தில். குள்ளமான உருவம், பெரிய குரல். அக்காவுக்கு உலகத்தில் இரண்டே கவலை. ஒன்று வேர்வை. ஃபேன் நின்ற மறுநிமிடம் குளித்து எழுந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். இன்னொன்று தம்பி. அக்காவுக்குத் தம்பி என்பதால் எங்களுக்கும் அவன் தம்பிதான். மின்சார ஆபீசில் லைன்மேன். எங்கள் பகுதி அவன் பொறுப்பு, சாப்பாடு அக்கா வீட்டில். கரண்ட் போனால் எங்களுக்கெல்லாம் எரிச்சல் வரும். அக்காவுக்கு மட்டும், தம்பி கம்பத்தில் ஏறப்போகிறானே என்று பயம்.

சந்தில் ஜெனரேட்டர்கள் வரத் தொடங்கிய காலத்தில் ஆளாளுக்குத் தோன்றியபடி மாட்டினார்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறு முனையைச் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்டில் செருகினால் வீடு முழுக்க எரியும். சுலபம்தான். ஆனால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போய்விடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவன் அந்தக் கம்பியில் கை வைத்தால் அதோடு சரி.

தம்பி இதைப் போகிறபோக்கில் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். மறுநாளிலிருந்து அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். "என் தம்பி கம்பத்துல இருக்கான்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். தம்பி அந்த நேரத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். அது வேறு விஷயம். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்தில் சேஞ்ச் ஓவர் பெட்டி மாட்டினால்தான் அந்த வீட்டு வாசலைவிட்டு நகருவேன் என்று உட்கார்ந்தாள். அந்தப் பெட்டியில் ஒரு லீவர். மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே இழுத்தால் ஜெனரேட்டர் கரண்ட். இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேசாத ஜென்மம் எங்கள் சந்தில் அது ஒன்றுதான்.

மூலைவீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர் ஜெனரேட்டரைச் சமையலறைக்குப் பின்னால் இருந்த நடையில், ஜன்னலுக்கு நேர் கீழே வைத்திருந்தார். கரண்ட் போகும்போதெல்லாம் அவர் மனைவிக்குத் தலைவலி வரும். மாமியாரால் வருகிற தலைவலி என்றுதான் அந்தப் பெண் நினைத்திருந்தாள். அக்கா போய்ப் பார்த்து, "இந்தப் புகைக்கு வாசனைகூட சரியாத் தெரியாதாம், ஆளைத் தூக்கத்துலயே கொண்டு போயிடுமாம், என் தம்பி சொன்னான்" என்று கத்தி, அதைத் தூக்கி வெளியே வெட்டவெளியில் வைக்கச் செய்தாள். தலைவலி போய்விட்டது. மாமியார் மேல் இருந்த கோபத்துக்கு அதன் பிறகு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

ஆக, எல்லா வீட்டிலும் லீவர். எல்லாம் முறைப்படி. ஆனால் புதிதாக ஒரு தொல்லை முளைத்தது. லீவரைக் கீழே இழுத்துவிட்டால், தெருவில் கரண்ட் திரும்பி வந்ததா இல்லையா என்று வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. மீட்டரில் கடுகு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதைப் பார்க்க வாசலுக்குப் போய், பெட்டியைத் திறந்து, குனிந்து, கண்ணாடியைத் துடைத்து... யார் போவார்கள்? கரண்ட் வந்த பிறகும் விடிய விடிய ஜெனரேட்டரை ஓட்டிப் பெட்ரோலைப் புகையாக விட்டவர்கள் உண்டு.

அப்போதுதான் சந்து கண்டக்டர் வீட்டு வாசல் பல்பைக் கண்டுபிடித்தது. அவர் வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது, லீவரும் கிடையாது. பல்பு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது, எரியாவிட்டால் வரவில்லை. ஆளுக்கு ஆள் ஜன்னல் வழியாக அந்தப் பல்பை எட்டிப்பார்க்க ஆரம்பித்தார்கள். பார்வை தன் மேல் விழுகிறது என்று தெரிந்ததும் கண்டக்டர் அதை உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டார். கரண்ட் போன உடனே வாசலில் நாற்காலி போட்டுப் பல்புக்குக் கீழே உட்காருவார். பல்பு எரிந்த கணம், பஸ்ஸைக் கிளப்புவதுபோல, பீ... பீ... என்று இரண்டு விசில். சந்தில் வரிசையாக லீவர்கள் மேலே போகும், ஜெனரேட்டர்கள் அடங்கும். பஸ்ஸில் இருந்தபோதுகூட அவர் சொல்லுக்கு இவ்வளவு பேர் கட்டுப்பட்டிருக்க மாட்டார்கள்.

கைம்மாறாக அவர் வீட்டு செல்போன்களெல்லாம் எங்கள் வீட்டில் சார்ஜ் ஏறும். மூலைவீட்டிலிருந்து ஐஸ் வரும். சும்மா வருகிற எதையும் அவர் வேண்டாம் என்றதில்லை. இருட்டில் புழுங்கிச் செத்தது அக்காதான். "நாமளும் ஒண்ணு வாங்கிடலாங்க" என்று கோடைக்குக் கோடை கேட்பாள். கண்டக்டர், "நாம வாங்கிட்டா சந்து கதி என்ன ஆகும்?" என்பார். ஒரு முறை அக்கா கடைவரை போய் விலை விசாரித்துவிட்டு வந்த செய்தி பரவியதும், சந்தே திரண்டு அவர் வீட்டுக்குப் போய் வாங்க வேண்டாம் என்று கெஞ்சியது. வெட்கமில்லாமல் நானும் போனேன். அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க வீட்டு ஃபேனெல்லாம் சுத்தணும்னா என் வீட்டு ஃபேன் நிக்கணுமா?" என்று கேட்டாள். மூலைவீட்டுக்காரர் ஒரு விசிறியை நீட்டினார்.

தம்பிக்கும் கண்டக்டருக்கும் பேச்சுவார்த்தை நின்றதும் இந்த விசிலால்தான். ஒரு நாள் கொட்டுகிற மழையில் தம்பி தொப்பலாக நனைந்து, சந்து முனையில் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போட்டான். பல்பு எரிந்தது. இவர் ஊதினார். மாடிகளிலிருந்து எல்லோரும் கைதட்டினார்கள், கண்டக்டரைப் பார்த்து. தம்பி பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கண்டக்டரும் எழுந்து நின்று கையைத் தூக்கிக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்.

ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்த தம்பி, "கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறது இதுதான்" என்றான்.

"நான் ஊதலேன்னா நீ ஃபியூஸ் போட்டது யாருக்குத் தெரியும்?" என்றார் இவர்.

அவ்வளவுதான். அன்றோடு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் அக்கா வழியாகப் பேசினார்கள். ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்து, "அக்கா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பான் இவன். "தள்ளியாச்சுன்னு சொல்லு" என்பார் அவர். நடுவில் அக்கா அல்லாடினாள். எனக்கே சில நேரம் இரண்டு பேர் தலையையும் பிடித்து மோதவிடலாமா என்று இருக்கும்.

அப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்தது. காற்றில் ஒரு கிளை முறிந்து கம்பிகளின் மேல் விழுந்து, இரண்டு கம்பிகள் உரசி, டபார் என்று சத்தம் கேட்டு, கரண்ட் போனது. சந்து வழக்கப்படி லீவர்களை இழுத்துவிட்டு ஜெனரேட்டர்களைக் கிளப்பியது. கண்டக்டர் நாற்காலியோடு வாசலுக்கு வந்தார். அக்கா தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி வந்தான். சந்து முனை டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கட்டைகளை உருவித் தோள்பையில் போட்டுக்கொண்டான். இனி சந்துக் கம்பியில் கரண்ட் இருக்க வழியில்லை. நீளக் கம்பால் கிளையைத் தள்ளிக் கீழே விழவைத்தான். பிடிப்பிலிருந்து நழுவித் தொங்கிய கம்பி ஒன்றை மேலே ஏற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கம்பம் இருப்பது கண்டக்டர் வீட்டு மதிலை ஒட்டி. ஏணியைச் சாத்தினான்.

"ஏணி நம்ம மதில்ல உரசுது, சுண்ணாம்பு உதிரும்னு உன் தம்பிகிட்ட சொல்லு" என்றார் கண்டக்டர், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"சுண்ணாம்பு உதிர்ந்தா நானே பூசித் தர்றேன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுக்கா" என்று ஏணியில் ஏறிக்கொண்டே சொன்னான் தம்பி.

"ரெண்டு பேர் வாயிலயும் சேர்த்துப் பூசுடா" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். என் வீட்டு லீவர் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான். நான் கண்டக்டரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சண்டை வந்தால் தவறவிடக் கூடாதே என்றுதான்.

பல்பு எரிந்தது.

கண்டக்டர் யோசிக்கவில்லை. பல்பு எரிந்தால் ஊத வேண்டும். அதற்குத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். பீ... பீ... என்று ஊதினார். நான் லீவரில் கை வைத்தேன்.

"மாமா! எதுக்கு ஊதினீங்க?"

மேலேயிருந்து தம்பியின் குரல். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் அவரை நேராகக் கூப்பிடுகிறான். கண்டக்டர் பதறிப்போய், தன்னைத்தான் கூப்பிடுகிறானா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"பல்பு எரியுது மச்சான்!"

"எப்படி எரியும்? ஃபியூஸ் கட்டை எல்லாம் என் பையில இருக்கு!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் கை கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றிருந்தது. லீவரில் இருந்த கையைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டேன்.

உள்ளே இருந்து அக்கா ஓடி வந்தாள். பல்பைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத்தான் புரிந்தது. "இறங்குடா! டேய், எதையும் தொடாம இறங்குடா!" என்று அவள் போட்ட கூச்சலில் சந்து முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. கண்டக்டர் ஓடிப்போய் ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். மதில் சுண்ணாம்பு அவர் தலையெல்லாம் உதிர்ந்தது.

தம்பி ஒவ்வொரு படியாக இறங்கித் தரையில் நின்றான். அக்கா அவனைத் தொட்டுப் பார்த்தாள். முழுசாக இருக்கிறான் என்று தெரிந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "டெஸ்டர் எங்கடா?"

"வண்டில இருக்கு."

"வண்டில இருந்துக்கிட்டு அது யாருக்கு டெஸ்ட் பண்ணுது?"

"நானே என் கையால ஃபியூஸை எடுத்தேன்க்கா. அப்புறம் எங்கேருந்து கரண்ட் வரப்போகுதுன்னு..." என்று இழுத்தான். தொடுவதற்கு முன்னால் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவன் வேலையில் முதல் பாடம். இப்போது வண்டியிலிருந்து அதை எடுத்து வந்து, நீளக் கம்பின் முனையில் மாட்டி, தரையில் நின்றபடியே கம்பியில் வைத்தான். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. தம்பி மதிலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் தெருவுக்குக் கரண்ட் அனுப்புகிறது. மற்ற வீடுகளெல்லாம் லீவரை ஒழுங்காக இழுத்துவிட்டதால் அந்தக் கரண்ட்டை வாங்கிக்கொள்ளச் சந்தில் வேறு ஆள் இல்லை. லீவர் இல்லாத கண்டக்டர் வீடு மட்டும்தான் இருந்தது. அதனால்தான் அவர் பல்பு எரிந்திருக்கிறது.

"முதல்ல எல்லா ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொல்லுங்க" என்றான் தம்பி.

"நிறுத்தினா யாருன்னு தெரியாமப் போயிடும். அடுத்த தடவை மறுபடி போடுவான்" என்றாள் அக்கா. "நீ இப்பக் கீழதானே இருக்கே? உக்காரு. இன்னைக்குக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

வீடு வீடாகச் சோதனை நடந்தது. முதல் ஆளாகக் குரல் கொடுத்தவர் மூலைவீட்டுக்காரர். "என் வீட்டை முதல்ல பாருங்க! மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்!" என்றார். பார்த்தோம். லீவர் சுத்தமாகக் கீழே இருந்தது. எங்கள் வீட்டிலும் கீழேதான். அடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். எல்லோரும் யோக்கியர்கள், கம்பியில் மட்டும் கரண்ட்.

கண்டக்டர் பல்புக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார். திடீரென்று, "மங்குது" என்றார். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பல்பு மறுபடி பிரகாசமானது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. "பஸ்ஸு மேட்டுல ஏறும்போது உள்ள லைட்டு இப்படித்தான் மங்கும்" என்றார் அவர். "எங்கியோ இழுவை ஜாஸ்தியாகுது. யாரோ என்னத்தையோ போட்டுப் போட்டு நிறுத்துறாங்க. நான் மங்கும்போது ஊதறேன். அந்த நேரத்துல எங்க சத்தம் வருதுன்னு நீங்க கேளுங்க."

அக்கா சந்து நடுவில் போய் நின்றாள். பின்னால் நாங்கள். பீ... என்று ஒரு விசில். காதைத் தீட்டிக்கொண்டோம். ஜெனரேட்டர்களின் உறுமலுக்கு நடுவில் ஒன்றும் பிடிபடவில்லை. நாலு அடி நகர்ந்தோம். மறுபடி விசில். இந்த முறை எங்கோ உயரத்தில் உய்ய்ய்ங் என்று ஒரு சத்தம். விசில் நின்றது, சத்தமும் நின்றது. மறுபடி விசில், மறுபடி உய்ய்ய்ங். சந்தே தலையைத் தூக்கிப் பார்த்தது.

மூலைவீட்டு மாடி.

மாடியில் புதிதாக ஒரு பெண் வாடகைக்கு வந்து அழகு நிலையம் வைத்திருந்தாள். ஒருத்தியை உட்காரவைத்துத் தலைமுடி உலர்த்தும் மிஷினைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். மாடிக்கு மீட்டர் தனி. அங்கே லீவர் மாட்ட யாருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும்கூட. கீழ்வீட்டில் ஜெனரேட்டர் ஓடும்போது மாடி மட்டும் இருட்டாகக் கிடக்க, அந்தப் பெண் காலி செய்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். மூலைவீட்டுக்காரர் இரக்கப்பட்டு, அன்று மத்தியானம்தான் தன் கையாலேயே இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு ஒயர் தயாரித்து, கீழ்வீட்டிலிருந்து மாடி பிளக் பாயிண்ட்டுக்கு இழுத்துக் கொடுத்திருக்கிறார். தம்பி கம்பத்தில் ஏறிய நேரத்தில்தான் அவள் அதைச் செருகியிருக்கிறாள். கீழ்வீட்டு லீவர் தன் கடமையைச் செய்தது. கரண்ட் மாடி ஏறி, மாடி மீட்டர் வழியாகத் தெருவுக்கு இறங்கிவிட்டது.

"கீழ என் லீவர் சரியாத்தானே இருக்கு?" என்றார் மூலைவீட்டுக்காரர், பாவம் போல.

மாடிப் பெண் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கப் போனாள். "உருவாதீங்க!" என்று கீழேயிருந்து கத்தினான் தம்பி. "உருவினா அந்தப் பிளக்கு முள்ளுலயே கரண்ட் நிக்கும், கையில பட்டா போச்சு! முதல்ல ஜெனரேட்டரை நிறுத்துங்க!" மூலைவீட்டுக்காரர் ஓடினார். ஜெனரேட்டர் இருமி அடங்கியது. கண்டக்டர் வீட்டுப் பல்பு அணைந்தது. அவர் நீளமாக ஒரே ஒரு விசில் கொடுத்தார். பஸ் நின்றுவிட்டது என்பதற்கு ஊதுவார்களே, அது. மாடி ஜன்னலில் ஒருத்தி எட்டிப்பார்த்தாள். ஒரு பாதித் தலைமுடி பட்டுப்போலப் பறந்தது, மறுபாதி சொட்டிக்கொண்டிருந்தது. "இனிமே போடலாமா?" என்று கேட்டாள்.

மூலைவீட்டுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எப்படியோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார்.

"யார் தலைக்கு வந்தது?" என்று கேட்டாள் அக்கா.

அவ்வளவு மெதுவாக அக்கா பேசி நான் கேட்டதே இல்லை. மூலைவீட்டுக்காரர் மாடியேறிப் போய் ஒயரை எடுத்து வந்தார். அக்கா அந்த ஒயரை வாங்கித் தம்பியின் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக நறுக்கினாள். நறுக்கும்போது அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். திட்டியதை இங்கே எழுத முடியாது.

எல்லா ஜெனரேட்டர்களையும் நிறுத்திய பிறகு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, தம்பி மறுபடி ஏறிக் கம்பியைக் கட்டினான். ஏணியைக் கண்டக்டர்தான் பிடித்துக்கொண்டார். பிறகு அவன் டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஃபியூஸ் போட்டான். பல்பு எரிந்தது. கண்டக்டர் ஊதவில்லை. சந்து முனையிலிருந்து தம்பி, "ஃபியூஸ் போட்டாச்சு. ஊதுங்க மாமா" என்று சத்தம் கொடுத்தான். அவர் விசிலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "ஜெனரேட்டர் வாங்கறோம். இனிமே இந்தச் சந்துக்கு என் பல்பு கிடையாது" என்றாள். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு, அவர்கள் சாப்பிடும் நேரத்தில் போய் நின்றோம். எல்லா வீட்டிலும் ஜெனரேட்டர் வந்துவிட்டால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும் என்று என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

தம்பி சாப்பிட்டுக்கொண்டே, "வாங்குங்க. அந்த வாசல் பல்பை மட்டும் லீவருக்கு முன்னாடியே, மெயின் பக்கத்துல ஒரு ஃபியூஸ் வெச்சு இழுத்துவிட்டா, ஜெனரேட்டர் ஓடினாலும் அது தெருக் கரண்ட்டுக்கு மட்டும்தான் எரியும்" என்றான். "ஒவ்வொரு வீட்டுலயும் இப்படி ஒரு பல்பு மாட்டிக்கலாமே."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறது சந்து.

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று அக்கா கேட்டாள்.

"இது என்ன பெரிய விஷயம்? எப்பவுமே தெரியும்."

"அப்ப நான் இத்தனை கோடையும் வெந்து செத்தேனே, ஏன் சொல்லல?"

"மாமா கேக்கலையே. நாங்கதான் பேசிக்கலையே."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். இரண்டு ஆண்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

ஜெனரேட்டர் வந்தது. ஜன்னல்களுக்கு எட்டாமல் பின்புற வெட்டவெளியில், மேலே ஒரு தகரம் போட்டு வைத்தார்கள். லீவரையும் வாசல் பல்பையும் தம்பியே மாட்டினான். மூலைவீட்டு மாடிக்கும் தனி லீவர் ஏறியது. அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணியையும் முறுக்கச் சொன்னாள். இப்போது எல்லா வீட்டு வாசலிலும் அதேபோல ஒரு பல்பு இருக்கிறது. கண்டக்டரின் உத்தியோகம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எங்கள் பல்பு எரிவதைக் கண்ணாலேயே பார்த்தாலும், இரண்டு விசில் கேட்காமல் லீவரை மேலே தள்ள எங்கள் யாருக்கும் கை வருவதில்லை. தம்பியும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கம்பியில் கை வைக்குமுன் கீழே குனிந்து, "மாமா, பல்பு?" என்று கேட்கிறான். எரியவில்லை என்று அவர் நீளமாக ஒரு விசில் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடுகிறான்.

போன வாரம் காற்றில் மறுபடி கரண்ட் போனது. தம்பி கம்பத்தில் இருந்தான். வாசலில் கண்டக்டர் நாற்காலியில். நான் எட்டிப்பார்த்தபோது உள்ளே அக்கா, மூலைவீட்டுக்காரர் எப்போதோ கொடுத்த விசிறியால் விசிறிக்கொண்டு, வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தாள். பின்புறம் புது ஜெனரேட்டர் சும்மா நின்றது.

"ஏன்க்கா, இதுக்கா வாங்கினீங்க? போட வேண்டியதுதானே?" என்றேன்.

"அவன் இறங்கட்டும்" என்றாள்.

"லீவர் சரியா இருக்கே. உன் தம்பியே மாட்டினதுதானேடி" என்றார் கண்டக்டர் வாசலிலிருந்து.

அக்கா விசிறியை நிறுத்தவில்லை. "மூலைவீட்டுலயும் லீவர் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

நான் வீட்டுக்குத் திரும்பி வந்து, எங்கள் ஜெனரேட்டரை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டிலும் நிறுத்தினார்கள். மூலைவீட்டிலும் சத்தம் நின்றது. தம்பி இறங்கும்வரை சந்து முழுவதும் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.